பரண் ஏறிய சேவல்

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் ஜெபசிங், வந்த சூட்டோடு கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தவசிமணியைக் கூப்பிட்டார்.

"இயேசு வந்தாச்சு. இனி அவருக்கு முந்தின பழைய ஏற்பாடு எதுக்கு? பைபிள்ல அதை மட்டும் பிரிச்சுக் கோயில் பரண்ல போடு. முடியாதுன்னா வேலையை விட்டுப் போ!"

தவசிமணி அப்படியே பிரித்துப் போட்டுவிட்டார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் விளைச்சலின் முதல் பங்கான முதற்பலனாகப் படைக்கும் சேவல் வழக்கமாகப் போதகர் வீட்டுக்குத்தான் போகும். அன்று போகவில்லை. போதகர் கோயிலில் சபையார் முன்னாலேயே தவசிமணியிடம் கேட்டார்.

"சேவல் எங்கடே? வீட்டுல மசாலா அரைச்சாச்சு!"

"பரண்ல இருக்கு, ஐயா."

"பரண்லயா?"

"முதற்பலன் படைக்கச் சொன்னது பழைய ஏற்பாடுல்லா? அதான் அதுகூடவே போட்டுட்டேன்."

மேலே சேவல் கூவியது. சபையே சிரித்தது.

"சேவலை மட்டும் இறக்கட்டுமா, ஐயா?"

போதகர் தாமே ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டையும் இறக்குடே. புத்தகத்தை முதல்ல!"