முதலாளியின் கடைவாய்ப்பல்

இது என் அறைத்தோழி சொல்லிக் கேட்டது. நான் நேரில் பார்க்கவில்லை.

திண்டுக்கல்லில் இணையச் செய்தித்தளம் நடத்தும் தங்கமாரியப்பன், பயிற்சிக்கு வந்த செவ்வந்தியிடம் சொன்னாராம்: "தலைப்புல விஷயத்தைச் சொல்லாத, பதற வை. பொய்யும் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ஊரே ஷேர் பண்ணணும், அப்பத்தான் விளம்பரம் வரும். இல்லேன்னா நாளைக்கு வராத."

மதியம் அவர் பல் பிடுங்கப் போனார். அவள் தலைப்புப் போட்டாள்: "மருத்துவமனையில் தங்கமாரியப்பன்! கடைசியில் நடந்தது என்ன?"

வீங்கிய கன்னத்தோடு அவர் திரும்பியபோது வீட்டு வாசலில் மாலைகளோடு கூட்டம். சங்கு ஊதுபவரும் வந்திருந்தார்.

"நான் செத்துட்டேன்னா எழுதின?" என்று செவ்வந்தியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்.

"இல்லீங்க சார், பல் பிடுங்கினதைத் தெளிவா எழுதியிருக்கேன். நீங்க கேட்டபடி ஊரே ஷேர் பண்ணிடுச்சு. ஒருத்தரும் திறந்து படிக்கலை."

மாலை வைத்திருந்தவர்கள் தலைகுனிந்தார்கள். அவரும்தான்.

பிறகு அந்தத் தளத்தைத் தேடிப் பார்த்தேன். தலைப்பில் 'பல்' சேர்த்திருக்கிறார்கள். நேற்றைய செய்தியின் கீழும் செவ்வந்தியின் பெயர் இருக்கிறது.