அழுங்கின் பூட்டு ஏன் எண் கேட்பதில்லை

அந்தக் காலத்தில் கணினி மொழிகள் திரைக்குள் அடைபடவில்லை. காட்டில் உயிரோடு, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு திரிந்தன. இன்று நிரல் எழுதுகிறவர்கள் பைத்தான் என்று சொல்வது அன்றைக்கு ஒரு மலைப்பாம்பு. பிஎச்பி ஒரு யானை. ரஸ்ட் ஒரு நண்டு. நம்பாதவர்கள் அந்த மொழிகளின் சின்னங்களைப் போய்ப் பார்க்கட்டும், பிறகு வாதாடலாம்.

காட்டில் எல்லோரும் தேக்கிலையில்தான் கடிதம் எழுதுவார்கள். காற்று கொண்டுபோய்க் கொடுக்கும். வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள். படித்ததோடு விடுவார்களா? எழுதியவரிடமே வந்து கருத்தும் சொல்வார்கள்.

இதைப் பொறுக்க முடியாமல்தான் அழுங்கு ஒரு பூட்டு செய்தது. உடம்பெல்லாம் செதில், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி அது. ரகசியத்தின் அருமை அதற்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கடிதத்தையும் சாவியையும் ஏதாவது ஓர் எண்ணையும் கொடுத்தால், நகத்தால் இலை முழுக்கத் துளை போட்டு, இலையின் ஓரத்தில் அந்த எண்ணையும் எழுதித் தரும். எண் மாறினால் துளை விழும் விதமும் மாறும். சாவி உள்ளவருக்குத்தான் அது கடிதம். மற்றவர்களுக்கு வெறும் பொத்தல் இலை.

பூட்டு வேலை செய்யும் விதத்தையும் ஒன்று விடாமல் ஆற்றங்கரைப் பாறையில் செதுக்கி வைத்தது. யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், குறை சொல்லலாம். சாவி மட்டும்தான் ரகசியம். அந்த மனசுக்காகவே அழுங்கை எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆனால் அதோடு பேசத்தான் முடியாது. அதற்குத் தெரிந்தது சி என்ற பழைய மொழி ஒன்றுதான். யார் போய் நின்றாலும் "நீளம்?" என்று கேட்கும். வணக்கம் சொன்னால், அந்த வணக்கம் எத்தனை அங்குலம் என்று கேட்கும். நீளத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு, இலையைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவர் மேலேயும் துளை போட்டுக்கொண்டே போகும். யானையின் காதில் அப்படி ஒரு துளை உண்டு.

அப்போதுதான் மைனா நடுவில் வந்தாள். சின்ன வயது. எல்லோர் பேச்சும் வரும், வாயும் கொஞ்சம் அதிகம்.

"நீ பூட்டு செஞ்சிருக்கே, சரி. யாருமே உன்கிட்ட பேச முடியலைன்னா அது பூட்டா, கல்லா?" என்று அழுங்கிடமே கேட்டாள்.

கேட்டதோடு நிற்காமல் தானே உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சில் ஒரு சின்ன வாசல் செய்தாள். வாசலில் நின்று உங்கள் பாஷையில் கேட்டால் போதும். நீளத்தை அளப்பதும், பழைய மொழிக்குத் திருப்பி அழுங்கிடம் சொல்வதும் வாசலின் வேலை. இன்றைக்கு நிரல் எழுதுகிறவர்கள் அதைப் பிணைப்பு என்கிறார்கள். மொழிக்கு ஒரு வாசல், உள்ளே பூட்டு ஒன்றுதான்.

யானைக்குச் சிரமமே இல்லை. ஒருமுறை சொன்ன எண்ணை அது வாழ்நாளில் மறக்காது, மறுபடி சொல்லவும் சொல்லாது. நண்டு யாரையும் நம்பாத ஜாதி. சொன்ன எண்ணையெல்லாம் மணலில் கீறி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

மலைப்பாம்புதான் சலித்துக்கொண்டாள். அப்போது அவள் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி மைனா, கையும் கிடையாது, காலும் கிடையாது. முட்டையைச் சுத்திப் படுத்திருக்கேன். கடிதம் சொல்லு, சாவி சொல்லு, இப்ப எண்ணும் சொல்லணுமாக்கும்? தினமும் ஒரு எண்ணுக்கு நான் எங்கே போவேன்?"

மைனாவுக்கு மனசு இளகிவிட்டது. "விடுங்கக்கா. நீங்க எண் சொல்லலைன்னா வாசலே ஏழுன்னு போட்டுக்கும்."

"ஏழா? நல்ல எண்தான்" என்று பாம்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. பாசத்தில் செய்த வேலை, யாருக்குத் தப்பாகத் தோன்றும்? பாறையின் அடியில், ஒன்பதாவது வரியில், 'ஒரே சாவியோடு ஓர் எண்ணை ஒருமுறைக்கு மேல் சேர்க்காதே' என்று இருந்தது உண்மைதான். ஆனால் அதன் மேல் பாசி படர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. காட்டிலேயே பாசியைச் சுரண்டிவிட்டு அந்தப் பாறையை முழுசாகப் படித்தவன் உடும்பு ஒருவன்தான். அதற்காகவே பழைய மொழியைக் கற்றுக்கொண்டவன். பாம்பு முட்டை என்றால் அவனுக்கு உயிர்.

பாம்பு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அக்காவுக்கு தினமும் ஒரு கடிதம் போடுவாள். எதை எழுதினாலும் 'அக்கா, சாப்பிட்டியா?' என்றுதான் தொடங்குவாள். அது காட்டுக்கே தெரியும். ஒருநாள் இப்படி எழுதினாள்: 'அக்கா, சாப்பிட்டியா? முட்டைங்க இலுப்பை மரத்து வளையில இருக்கு. நாளைக்கு உச்சிவெயிலில் உடம்பைச் சூடேத்திக்க அக்கரைப் பாறைக்குப் போகணும். அந்த நேரம் வந்து காவல் இரு.'

அந்த இலை அக்காவிடம் போய்ச் சேரவே இல்லை. நடுவழியில் உடும்பு பிடித்துக்கொண்டான். அதற்கு முந்தின நாள் இலையும் அவனிடம் இருந்தது. இரண்டின் ஓரத்திலும் ஏழு. ஒரே சாவி, ஒரே எண் என்றால் துளை விழும் விதமும் ஒன்றுதான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். பொதுவான துளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிச்சத்தில் இரண்டு கடிதங்களும் கலந்து தெரிந்தன. தொடக்கம்தான் எல்லோருக்கும் தெரியுமே. அந்த நுனியைப் பிடித்து மீதியை எழுத்தெழுத்தாக உருவி எடுத்துவிட்டான்.

மறுநாள் வெயில் ஏறியதும் நண்டு பக்கவாட்டில் ஓடி வந்தது. "மைனா, உடும்பு ரெண்டு இலையைச் சேர்த்து வெயில்ல பிடிச்சுப் பார்க்கறான். பார்த்துட்டுச் சிரிக்கறான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கலை."

"யாரோட இலை?"

"ரெண்டுலயும் ஏழு."

மைனா சிறகை விரித்தாள். அக்கா வந்துவிடுவாள் என்று நம்பிப் பாம்பு அக்கரைக்குப் போயிருந்தாள்; அவள் ஊர்ந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இலுப்பை மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது அழுங்குதான்.

"அண்ணே, எழுந்திரு! பாம்பு அக்கா இலை எல்லாத்துக்கும் ஏழே போட்டுட்டேன். உடும்பு படிச்சுட்டான்."

"பாறையில எழுதியிருக்கேனே. ஒன்பதாவது வரி."

"எழுதியிருக்கே, பாசிக்கு அடியில! தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன். ஆனா தப்புப் பண்ண இவ்வளவு பெரிய இடத்தைத் திறந்து வச்சது யாரு?"

"யானை தப்பே பண்ணலையே?"

"யானைக்கு யானை ஞாபகம் இருக்கு. முட்டை மேல படுத்திருக்கறவ எண்ணை ஞாபகம் வச்சுக்கணுமா, முட்டையைப் பார்க்கணுமா? யானைக்கு மட்டும்தான் இந்தப் பூட்டுன்னா அதை முதல் வரியில எழுதியிருக்கணும்!"

அழுங்கு சுருளைப் பிரித்துக்கொண்டு எழுந்தது. "நீளம்?" என்றது.

"இப்ப என்ன நீளம் வேண்டிக்கிடக்கு உனக்கு!"

"வளையோட வாய். எத்தனை அங்குலம்?"

மைனா திகைத்துப் போனாள். "பதினாலு இருக்கும்."

"சுருண்டா நான் பதினஞ்சு" என்று சொல்லிவிட்டு அழுங்கு ஓடியது. அது ஓடி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

இவர்கள் போனபோது உடும்பு கழுத்துவரை வளைக்குள் நுழைந்திருந்தான். மைனா அவன் வாலில் கொத்தினாள். அவன் சீறிக்கொண்டு தலையை வெளியே இழுத்துத் திரும்பினான்; வாயில் மஞ்சள் கரு வழிந்தது. அந்த இடைவெளியில் அழுங்கு உள்ளே நுழைந்து வளை வாயை அடைத்துச் சுருண்டுவிட்டது. உடும்பு கடித்தான், பிறாண்டினான். செதில்கள் சலசலத்தனவே தவிர அழுங்கு ஓர் அங்குலமும் அசையவில்லை. வெயில் கொஞ்சம் சாய்ந்து, பாம்பு வரும் சத்தம் கேட்டபோதுதான் அவன் எடுத்தான் ஓட்டம்.

பாம்பு முட்டைகளைப் பார்த்தாள். ஒன்று உடைந்து கிடந்தது. அந்த முட்டையோட்டை மூக்கால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

மைனா அவள் பக்கத்தில் வந்து இறங்கினாள். "நான்தான்க்கா. ஏழுன்னு போட்டது நான்தான்."

"எண் சொல்ல முடியாதுன்னு அழுதது நான்தானேடி" என்றாள் பாம்பு.

சுருண்டிருந்த பந்துக்குள்ளிருந்து பழைய மொழியில் ஒரு குரல் வந்தது: "எண்ணை உங்க தலையில கட்டினது நான்."

மைனா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பாம்புக்குச் சொல்லாமலே புரிந்தது. தன் தலையை அந்தச் செதில் முதுகின் மேல் வைத்துக்கொண்டாள்.

மைனா அழுங்கின் பக்கம் திரும்பினாள். அவளாவது, அதிக நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதாவது. "அண்ணே, நீ சுருளும்போது செதிலெல்லாம் ஒரு சத்தம் போடுதே. ரெண்டு தடவை ஒரே மாதிரி வந்திருக்கா?"

"வந்ததே இல்லை."

"அப்ப அதுதான் எண். இனிமே நீயே போடு. யாரையும் கேட்காதே."

மறுநாளே மைனா வாசல் வாசலாகப் போய் எண் கேட்கும் இடத்தைப் பிடுங்கி எறிந்தாள். யானைக்கு மட்டும் மனத்தாங்கல். "எனக்குத்தான் ஞாபகம் இருக்கே?" என்று தும்பிக்கையை உதறியது. "இருக்கு பெரியம்மா, யார் இல்லைன்னா? ஆனா உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வராதா?" என்றாள் மைனா. நண்டு ஆயிரம் இலைகளைப் பூட்டச் சொல்லி, ஓர் எண்கூட இரண்டு முறை வரவில்லை என்று தானே பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டது.

அழுங்கு பாறைக்குப் போய், பாசி எட்டாத உயரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி செதுக்கியது: 'ஒரு முட்டை போயிற்று. இனி எண் நம் பொறுப்பு.'

அந்த இலுப்பை மரத்தடியில் அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. இன்றும் எந்த மொழியின் வாசலில் நின்று கூப்பிட்டாலும் அந்தப் பூட்டு கடிதத்தைக் கேட்கும், சாவியைக் கேட்கும். எண்ணை மட்டும் யாரிடமும் கேட்காமல், உள்ளே ஒருமுறை சுருண்டு, தானே போட்டுக்கொள்ளும்.