உடும்பும் காக்கையும் ஊசியப்பனின் அரையிறுதியும்

நாணல்குளத்தில் கெம்பன் என்ற உடும்பும் சடையன் என்ற அண்டங்காக்கையும் இருந்தார்கள். கால்பந்து என்றால் இருவருக்கும் உயிர். ஆடத்தான் தெரியாது! கெம்பன் ஓடினால் பந்து வாலில் பட்டு வேறு பக்கம் போகும். சடையன் உதைத்தால் பந்து அசையாது, சடையன்தான் பின்னால் போவான். அதனால் இருவரும் ஓரமாக உட்கார்ந்து கத்துகிற வேலையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

கோடையில் குளம் வற்றிவிடும். நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குரங்குகள் ஒரு பக்கத்தைச் சமன் செய்து, மூங்கில் நட்டு, மைதானமாக்கிவிடும். பம்பளிமாஸ் காய்தான் பந்து. சுற்றுவட்டக் காடுகளிலிருந்து அணிகள் வந்து இறங்கும்.

நாணல்குளத்து அணியின் கோல்கீப்பர் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி. பந்து அவன் முள்ளில் குத்திக்கொண்டால் பிடுங்கி எடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. அதனால் அவன் உடம்பெல்லாம் வாழைப்பட்டை சுற்றிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஆள் பார்ப்பதற்குப் பொட்டலம் மாதிரி இருப்பான். ஆனால் பாய்ந்தான் என்றால் பந்து தப்பாது. குறை ஒன்றே ஒன்றுதான். இருட்டில் திரிகிற பிராணி அல்லவா, பகல் வெயிலில் அவனுக்குக் கண் கூசும். தூரத்துப் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது.

அதற்குத்தான் கெம்பனும் சடையனும் இருந்தார்கள். கோலுக்குப் பின்னால் ஒரு மருதமரக் கட்டை விழுந்து கிடந்தது. அதன்மேல் கெம்பன் படுத்துக்கொள்வான். அவன் முதுகின்மேல் சடையன் நின்றுகொள்வான். பந்து வலப்பக்கம் வந்தால் இருவரும் ஒரே குரலில் "சோத்தாங்கை!" என்று கத்துவார்கள். இடப்பக்கம் வந்தால் "நொட்டாங்கை!" என்பார்கள். குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் ஊசியப்பன் பாய்வான்.

அப்படித்தான் ஒரு கோடையில், மூவரும் இளவட்டமாக இருந்தபோது, நாணல்குளம் கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்தை நினைத்தால் கெம்பனுக்கு இப்போதும் கண் கலங்கும். காலையிலேயே ஓடிவந்து கட்டையில் இடம் பிடித்தது, சடையன் எங்கிருந்தோ ஈச்சம்பழம் கொத்திக்கொண்டு வந்து பாதியைத் தான் தின்று மீதியைக் கெம்பன் வாயில் போட்டது, கடைசிப் பந்தை ஊசியப்பன் கட்டிப் பிடித்ததும் சடையன் கெம்பனின் தலைமேல் ஏறிக் குதித்தது, அந்த ஆரவாரத்தில் மழைதான் வந்துவிட்டது என்று எண்ணித் தவளைகள் கத்தியது, எல்லாம் நேற்று நடந்ததுபோல அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அடித்த வெயில்கூட வேறு மாதிரி வெயில் என்பான். வெயிலில் என்ன வேறு மாதிரி? ஆனால் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

அதன் பிறகு எத்தனையோ கோடைகள் வந்து போயின. ஒவ்வொரு தடவையும் நாணல்குளம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடும். இந்தக் கோடையில்தான் தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. எதிரே கரட்டுமேட்டு அணி. அதில் முன்னால் நின்று ஆடுகிறவன் ஒரு காட்டுப்பன்றி. அவன் ஓடிவந்தால் மைதானமே அதிரும்.

ஊசியப்பனுக்கும் வயதாகிவிட்டது. "இந்தக் கோடையோட நிறுத்திக்கறேன். இடுப்பு சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். தோற்றால் இதுவே அவனுடைய கடைசி ஆட்டம். அவன் கையில் இன்னொரு தரம் கோப்பையைப் பார்த்துவிட வேண்டும் என்று கெம்பன் தவியாய்த் தவித்தான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ரசிகர்கள் எல்லோரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள்.

"நாளைக்கு எப்படி ஆடணும்னு நான் சொல்றேன், கேளுங்க!" என்று கெம்பன் ஆரம்பித்தான். "எல்லாரும் பின்னால வந்துரணும்! கோலை மறைச்சு நிக்கணும்! பன்றி முட்டி முட்டிக் களைச்சுப் போவான். அப்போ தவிட்டானுக்கு நீளமா ஒரு பந்தைத் தூக்கிப் போடணும். முடிஞ்சுது கதை!"

தவிட்டான் அணித் தலைவன். தவிட்டு நிறத்து முயல்.

கிளையில் இருந்த சடையன் கடகடவென்று சிரித்தான். "பின்னால நின்னா, பன்றி உன் ஆளுங்களையும் சேத்து முட்டிக்கிட்டு கோலுக்குள்ள போயிருவான்! ரெண்டு ஓரத்துலயும் விரிஞ்சு போகணும்டா! ஆரம்பத்துலேர்ந்தே அடிச்சு ஆடணும்!"

"ஏன், அந்தக் கோடையில நாம எப்படி ஜெயிச்சோம்? பின்னால நின்னுதானே!"

"யாரு சொன்னா? ஓரத்துல விரிஞ்சுதான் ஜெயிச்சோம்!"

"நான் கண்ணால பாத்தேன்டா!"

"நான் மட்டும் மூக்கால பாத்தேனா?"

வேடிக்கை என்னவென்றால், இருவர் சொன்னதும் உண்மை. கட்டைமேல் படுத்துக் கிடந்த கெம்பனுக்கு அன்று தெரிந்ததெல்லாம் கோலுக்கு முன்னால் நெருக்கி நின்ற கால்கள்தான். அவன் முதுகில் ஏறி நின்ற சடையனுக்குத் தெரிந்தது தூரத்தில் இரண்டு ஓரங்களிலும் பறந்த ஓட்டம். ஒரே ஆட்டத்தை ஆளுக்குப் பாதி பார்த்திருந்தார்கள். இத்தனை காலமும் "என்னா ஆட்டம்டா அது!" என்று ஒருவன் சொல்வான், "அடேயப்பா!" என்று மற்றவன் சொல்வான், பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் இந்த வித்தியாசம் வெளியே வரவே இல்லை. இப்போது வந்துவிட்டது.

கெம்பன் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். சடையனோ அதற்கு மேல். மற்றவர்களும் கட்சி பிரிந்தார்கள். எருமை கெம்பன் பக்கம் சேர்ந்தது. ஓடாமல் ஒரே இடத்தில் நிற்பது அதற்குப் பிடித்துப் போயிற்று. கொக்கு சடையன் பக்கம். தவளைகள் கடைசியாக யார் பேசினாலும் "ஆமா! ஆமா!" என்றன. வெயில் ஏறியது, இறங்கியது. பேச்சு மட்டும் இறங்கவில்லை.

"தரையில ஊர்ந்துக்கிட்டுக் கிடக்கிறவனுக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? மேலேர்ந்து பாத்தாத்தான் தெரியும்!" என்றான் சடையன்.

"மேலேர்ந்து எட்டிப் பாத்துட்டுப் பறந்து போறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது! என் முதுகுல ஏறலைன்னா அன்னிக்கு உனக்கு ஆட்டமே தெரிஞ்சிருக்காது, போடா!"

சடையனுக்குச் சுருக்கென்றது. "ஓஹோ! இனிமே உன் முதுகு எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்க!"

அந்த நேரம் பார்த்து ஊசியப்பன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். கையில் நாளைக்குக் கட்டிக்கொள்ள வாழைப்பட்டை வைத்திருந்தான். "அண்ணே, நாளைக்கு நேரத்தோட கட்டைக்கு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டான்.

"அட, இருப்பா!" என்று கெம்பன் சீறினான். "எவ்வளவு முக்கியமான விஷயம் பேசிக்கிட்டிருக்கோம். இப்பப் போயி கட்டை கிட்டைன்னு!"

ஊசியப்பன் வாழைப்பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு வந்த வழியே திரும்பிப் போனான். அவன் முதுகைப் பார்க்கக் கெம்பனுக்குப் பாவமாக இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தான். அதற்குள் சடையன் மேலேயிருந்து, "பின்னால நில்லுங்கறது ஒரு யோசனையாடா? தூ!" என்றான். கெம்பன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

மறுநாள் எழுந்தபோது கெம்பனுக்குத் தொண்டை கரகரவென்று இருந்தது. மணலை விழுங்கினாற்போல எரிந்தது. ஆனாலும் மைதானத்துக்கு வந்தான். கட்டைப் பக்கம் போக ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு நின்றுகொண்டான்.

'நான் போய் முதல்ல படுத்தா, அவன் ஏறி நிக்க இடம் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். வேணும்னா அவன் முதல்ல வரட்டும்!'

இப்படி நினைத்துக்கொண்டு வடக்குக் கரையில் ஏறி உட்கார்ந்தான். எதிரே தெற்குக் கரையில் கருவேல மரத்தில் சடையன் உட்கார்ந்திருந்தான். கட்டை காலியாகக் கிடந்தது. கெம்பனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. இங்கே இருந்து கத்தினால்தான் தவிட்டானுக்கு நன்றாகக் கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது.

"பின்னால வா, தவிட்டா!" என்று வடக்கிலிருந்து குரல்.

"முன்னால போ, தவிட்டா!" என்று தெற்கிலிருந்து குரல்.

தவிட்டான் இரண்டு எட்டு முன்னே போனான், இரண்டு எட்டு பின்னே வந்தான். அதற்குள் பந்து கைவிட்டுப் போயிற்று. "அண்ணே, கும்பிடறேன்! நீங்க சும்மா இருந்தா நாங்க ஆடிருவோம்!" என்று கத்தினான். யார் காதிலும் விழவில்லை.

அப்புறம் அவன் காதை மடக்கிக்கொண்டு தன் போக்கில் ஆடினான். பின்னாலும் நிற்கவில்லை, ஓரத்திலும் விரியவில்லை. பன்றியின் கால்களுக்கு இடையிலேயே புகுந்து, நட்டநடுவில் ஓடி, கோல் போட்டுவிட்டான்!

"பாத்தியா! நான் சொன்னபடி ஆடினான்!" என்றான் கெம்பன்.

"பாத்தியா! நான் சொன்னபடி ஆடினான்!" என்றான் சடையன்.

இதைச் சொல்லிக்காட்டுவதிலேயே இருவருக்கும் பாதி ஆட்டம் போயிற்று. மிச்சம் இருந்த குரலும் போயிற்று. அதற்கிடையில் பன்றி ஒரு பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். அதை யார் நின்றிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் சமனாகிவிட்டது.

முடியப் போகிற நேரம். சாய்ந்த வெயில் நேராக ஊசியப்பன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அடிக்கொரு தரம் தலையைச் சாய்த்துப் பின்பக்கம் காது கொடுத்தான். அங்கே சத்தமே இல்லை. மறுபடியும் சாய்த்தான். அப்போதும் இல்லை.

கரைமேலிருந்து கெம்பன் அதைப் பார்த்தான். 'ஐயோ, நம்ம குரலைத் தேடுறானே! இவ்வளவு நேரமும் தேடிக்கிட்டுத்தான் நின்னிருப்பானா?'

ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. கெம்பன் கரையிலிருந்து உருண்டு விழுந்து எழுந்து ஓடினான். எருமையின் காலுக்குள் நுழைந்து, தவளைகள்மேல் ஏறி, வால் புழுதியைக் கிளப்ப ஓடினான். அவன் கட்டைமேல் தாவி ஏறியதும் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சடையனும் வந்து இறங்கியிருந்தான்! முகத்தை முகம் பார்த்துக்கொள்ள நேரமில்லை. பன்றி தனியே வந்துவிட்டான். காலை ஓங்கினான். பந்து கிளம்பியது. வலப்பக்கம்!

கெம்பன் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. சடையன் அலகைப் பிளந்தான். அதிலும் ஒன்றும் வரவில்லை. கட்டிக்கொண்டுபோன இரண்டு தொண்டைகளும் என்ன முக்கியும் திறக்கவில்லை.

ஊசியப்பன் கடைசிவரை காத்துப் பார்த்தான். பிறகு குத்துமதிப்பாக இடப்பக்கம் பாய்ந்தான். பந்து மறுபக்கமாக உள்ளே போயிற்று.

கரட்டுமேட்டுக்காரர்கள் ஆடிப் பாடிக்கொண்டு போனார்கள். தவிட்டான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். ஊசியப்பன் மெல்ல எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"யாரு, கெம்பண்ணனா? சடையண்ணனும் இருக்காரா? வந்துட்டீங்களா!" என்றான். குரலில் கோபமே இல்லை. அவர்கள் வந்ததில் அவனுக்குச் சந்தோஷம்கூட இருந்தது. கெம்பனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணே," என்று ஊசியப்பன் கேட்டான், "பந்து எந்தப் பக்கம் வந்துச்சு?"

கெம்பன் சொல்ல முயன்றான். அப்போதும் குரல் வரவில்லை. சடையனைப் பார்த்தான். சடையன் தலையைக் குனிந்துகொண்டான். ஊசியப்பன் வாழைப்பட்டையை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டுக்கொண்டே மைதானத்தைவிட்டுப் போனான்.

நம்மவருக்குத் துணை நிற்க வேண்டிய வேளையில் நம் பேச்சே சரி என்று நிலைநாட்டப் போராடினால், வாதத்தில் யார் ஜெயித்தாலும் தோற்பது நம்மவர்தான்.