வேருக்கு அடியில் வைக்காத எலும்புத்தூள்

அந்தக் காலத்தில், மாடும் மண்ணும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆனி நாளில் பொழுது விடிந்து மூன்று நாழிகை ஆகியிருந்தது. வானில் மேகம் இல்லை. வறண்ட மேல்காற்று வீசியது. செங்கமலம் நாற்றங்காலில் குனிந்து தன் நாற்பது மாதுளங்கன்றுகளைப் பார்த்தாள். ஒரு சாண் உயரத்தோடு அவை நின்றுவிட்டன. இலைகளில் ஊதா பாய்ந்திருந்தது. தாய்மரம் கோடையில் பட்டுப்போனதால், அந்த இனத்தில் மிஞ்சியவை இவை மட்டுமே.

எழ முடியாமல் தொழுவத்தில் கிடந்த அவளது கிழட்டு எருது காரி பேசியது.

"தாயி, கன்னுக்குப் பசி. இந்த மண்ணோட சத்தை இருபது வருசம் புல்லா மேய்ஞ்சவன் நான். எல்லாம் என் எலும்புல இருக்கு. நான் போனதும் சுட்டு இடிச்சு, வேருக்கு அடியில வை."

"வாயை மூடு. நீ எங்கயும் போகமாட்ட."

"இத்தனை நாள் உன் பேச்சை நான் கேட்டேன். இந்த ஒண்ணை நீ கேளு."

பத்தாம் நாள் காரி இறந்தது. எலும்பைச் சுட்டு இடித்தாள். கணவன் வீரபாகு முதல் கன்றை வேர்மண்ணோடு பெயர்த்தெடுத்து, நடுவதற்குத் தோண்டிய குழியருகே நின்றான்.

"தூளை முதல்ல குழியில போடு."

"வேரு மிதிக்கிற இடத்துலயா? நம்ம பாரம் சுமந்தது போதாதா அதுக்கு?"

"காரியைவிட உனக்கு அதிகம் தெரியுமாக்கும்!"

அவள் கேட்கவில்லை. கன்றுகளை நட்ட பிறகு, திருநீறு தூவுவதுபோல் தூளை மேல்மண்ணில் தூவி, நீர் தெளித்தாள். மண் அதை இறுகப் பற்றிக்கொண்டது.

"ரெண்டு விரற்கடைதானே, கீழே விடேன்" என்று நாள்தோறும் கெஞ்சினாள்.

"வைத்த இடத்தில் காப்பேன். இறக்கிக் கொடுக்க என்னால் ஆகாது" என்றது மண்.

கிளறிப் பார்த்தாள், கிளறிய இடமெல்லாம் இளவேர் அறுந்தது. உணவு மேலே கிடக்க, வேர்கள் கீழே தேடித் தேடி ஓய்ந்தன. ஆடி முடிவதற்குள் ஒரு மாலையில் நாற்பதாவது கன்றும் சாய்ந்தது.

மறுநாள் காலையில் வீரபாகு காய்ந்த கன்றுகளைப் பிடுங்கி அடுப்புக்கு அள்ளிச் சென்றான். செங்கமலம் வெறும் பாத்தியில் நாற்பது குழி தோண்டி, மேலே கிடந்த தூளைச் சுரண்டி, ஒவ்வொன்றின் அடியிலும் இட்டாள். நடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. மண் அதன்பின் யாரோடும் பேசவில்லை. பிடித்த பிடியையும் தளர்த்தவில்லை. அன்று முதல்தான், பழக்கன்று நடுகிறவர்கள் எலும்புத்தூளை முதலில் குழியில் இட்டு, அதன் பிறகே கன்றைக் கையில் எடுக்கிறார்கள்.