ஒரே வாசல், இரண்டு அடுப்பு

அமெரிக்காவில் உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஃபுட்பால் ஒரே லீக்தான். ஆனால் உள்ளுக்குள் இரண்டு கான்ஃபரன்ஸ், அதாவது பிரிவு. ஏன் என்றால், முன்னே அவை பரம எதிரிகளாக இருந்த இரண்டு லீக். அடித்துக்கொண்டு அலுத்துப் போய் ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்தும் முழுசாகக் கலக்க மனசு வரவில்லை. பெரிய பக்கத்திலிருந்து மூன்று அணிகளைச் சின்னப் பக்கத்துக்கு அனுப்பிச் சரிக்கட்டி, இரண்டு பிரிவாகவே இருந்துகொண்டார்கள். கடைசியில் இதில் ஜெயித்தவனும் அதில் ஜெயித்தவனும் மோதுவார்கள். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம பனையடி ராஜ்யத்துக் கதையைக் கேளுங்கள்.

பனையடி ராஜா வீரகஜேந்திரருக்கு ராஜ்யம் சின்னது, மீசை பெரிசு, ராணிகள் இரண்டு. மூத்த ராணியின் அண்ணன் கோமதிநாயகம் ஒரு சடுகுடு சங்கம் நடத்தினார். பழைய சங்கம், அணிகள் அதிகம். இளைய ராணியின் தம்பி ருத்ரப்பனுக்கு அது பொறுக்கவில்லை. அவனும் ஒரு சங்கம் தொடங்கினான். அணிகள் கொஞ்சம், வாய் ரொம்ப.

அப்புறம் ஆள்பிடி வேலைதான். காலையில் பழைய சங்கத்துக்குப் பாடிப் போனவன், சாயங்காலம் புது சங்கத்துக் கறிவிருந்தில் எலும்பு கடித்துக்கொண்டிருப்பான். சண்டை கடைசியில் ராஜாவின் இலைக்கே வந்துவிட்டது. மூத்த ராணி சோறு போட்டுக்கொண்டே அழுதாள். இளைய ராணி சோறே போடவில்லை.

பட்டினி கிடந்த ராஜா, சபையின் விகடகவி ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"இரண்டு சங்கத்தையும் ஒன்றாக்கு. ஆனால் என் மைத்துனர்களில் யாரும் யாருக்கும் கீழே இருக்கக் கூடாது."

"மகாராஜா, ஒரே சங்கத்துக்கு இரண்டு தலையா?"

"அது உன் பாடு. தைப் பொங்கலுக்குள் முடியவில்லை என்றால் என் எல்லையில் நீ இருக்கக் கூடாது."

ஆவுடையப்பன் வீட்டைப் பார்க்க நடந்தான். வீட்டில் மனைவி இசக்கியம்மாளுக்கு இது ஒன்பதாம் மாதம். நாடுவிட்டு நாடு போகிற வழியில் மாட்டுவண்டியிலா பிள்ளை பெறுவாள்?

வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே புகை. இங்கே இசக்கி ஒரு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் ஓரகத்தி இன்னொரு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அடுப்பு பிரித்து வருஷமாகிறது.

"ஏன் இசக்கி, ரெண்டு பேரும் ஒண்ணாப் பொங்கினா என்ன?"

"ஒரே அடுப்புன்னா யார் கரண்டி பிடிக்கிறதுன்னு தினம் சண்டை. இப்ப அவ அடுப்புக்கு அவ ராணி, என் அடுப்புக்கு நான் ராணி. பொங்கலன்னிக்கு மட்டும் வாசல்ல ரெண்டு பானையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். யாருது முதல்ல பொங்குதுன்னு பாக்கத்தானே வருஷம் பூரா காத்திருக்கோம்!"

ஆவுடையப்பன் அவள் கையிலிருந்து ஊதுகுழலை வாங்கி, சந்தோஷமாக ஒரு ஊது ஊதினான். சாம்பல் முழுக்கக் குழம்பில் விழுந்தது. அதற்கு வாங்கியதை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் சபையில் சொன்னான்: "ஒரே சங்கம். தலைவர் மகாராஜா. உள்ளே இரண்டு பிரிவு. ஒன்றுக்குக் கோமதிநாயகம் ஐயா, ஒன்றுக்கு ருத்ரப்பன் ஐயா. பொங்கலன்று இரண்டு பிரிவிலும் முதலாக வந்த அணிகள் மோதட்டும்."

கோமதிநாயகம் மீசைக்குள்ளேயே சிரித்தார். "நல்லது. ஆனால் பிரிவு என்றால் சமமாக இருக்க வேண்டும். என்னிடமிருந்து மூன்று அணி அந்தப் பொடியன் பக்கம் போனால்தான் சமம். எவன் போவான், கேட்டுப் பார்!"

எவனும் போக மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். கெடுக்கத்தான் கேட்டார்.

ஆவுடையப்பன் நேராக மேலக்கரை அணித் தலைவன் சுடலையைப் பார்க்கப் போனான். கோட்டைத்தெரு அணியிடம் வருஷா வருஷம் தோற்று, இரண்டாவதாகவே நின்று நரைத்தவன் சுடலை.

"என்ன சுடலை, இந்த வருஷமும் ரெண்டாவதுதானா?"

"எரிச்சலைக் கிளப்பாதீரும். கோட்டைத்தெரு இருக்கிறவரை நாங்க எங்கே முதல்ல வர?"

"கோட்டைத்தெரு இல்லாத அடுப்பு ஒண்ணு இருக்குதே! அங்கே நீதான் மூத்த மருமகன். பொங்கலன்னிக்கு அவனை ராஜா முன்னாலேயே பிடிச்சு அமுக்கலாம்."

சுடலை துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் போகிறான் என்று தெரிந்ததும், அதே கோட்டைத்தெருவிடம் அடிவாங்கிய இன்னும் இரண்டு அணிகள் அவனுக்கு முன்னால் ஓடிப்போய் ருத்ரப்பன் வாசலில் நின்றன. கோமதிநாயகத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை.

கடைசி முயற்சியாக ராஜாவின் காதைக் கடித்தார். ராஜா சபையில் எகிறினார்.

"ஆவுடையப்பா! ஒன்றாக்கச் சொன்னால் இரண்டாகவே வைத்திருக்கிறாயே! என்னை ஏமாற்றுகிறாயா? மூட்டையைக் கட்டு!"

ஆவுடையப்பன் திரைச்சீலைப் பக்கம் பார்த்தான். அதன் பின்னால் இரண்டு ராணிகளும் இருந்தார்கள். குரலை நன்றாக உயர்த்திக் கேட்டான்.

"கட்டிவிடுகிறேன், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். அரண்மனையில் மூத்த ராணியாருக்கு ஒரு சமையல்கட்டு, இளைய ராணியாருக்கு ஒரு சமையல்கட்டு. தங்களுக்கு இருப்பது ஒரு குடும்பமா, இரண்டு குடும்பமா?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

ராஜாவுக்கு வியர்த்தது. "ஒ... ஒரே குடும்பம்தான்! அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் இதுவும் ஒரே சங்கம்தான், மகாராஜா."

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம்தான் தைரியம் வந்து ராஜாவும் சிரித்தார். இசக்கியம்மாளுக்குப் பட்டுச்சேலையும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும், கறவைமாடு ஒன்றும் அன்றே வீடு வந்து சேர்ந்தன.

பொங்கலன்று களத்தைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. ஒரு பக்கம் கோட்டைத்தெரு, மூத்த ராணி. மறுபக்கம் மேலக்கரை, இளைய ராணி. ராஜா மெல்ல ஆவுடையப்பனின் கையைப் பிடித்தார்.

"ஏனப்பா, நான் எந்தப் பக்கம் உட்காருவது?"

"வழக்கமாக உட்காருகிற இடத்தில்தான், மகாராஜா. நடுவில், வாயைத் திறக்காமல்."