தலைவலியோடு சேர்ந்து வந்தவர்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்குத் தீராத தலைவலியும் இருந்தது. வலி வந்தால் அரண்மனையில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். வைத்தியர் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவார். சன்னல்களுக்குத் திரை இறங்கும். "தாண்டவனைக் கூப்பிடு" என்பார் ராஜா. விகடகவி தாண்டவன் வந்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவான்.

அந்தச் சிரிப்பு மந்திரி வில்லவராயருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில் எழுந்தார்.

"பிரபு, தாங்கள் வலியால் துடித்த நாட்களையெல்லாம் அடியேன் விசாரித்தேன். அத்தனை நாளும் தாண்டவன் தங்கள் அறையில் இருந்திருக்கிறான். ஐயமிருந்தால் பணியாட்களைக் கேட்டருளுங்கள்."

பணியாட்கள் ஆமாம் என்றார்கள். "தாண்டவனால்தானே வலி?" என்று மந்திரி முன்பே தனியாக மிரட்டிக் கேட்டிருந்தால் வேறென்ன சொல்வார்கள்? இல்லை என்று சொன்ன வாசல்காவலனை அவர் சபைக்குக் கூட்டிவரவே இல்லை.

ராஜா கொதித்துப்போனார். "என் தலைவலியோடு சேர்ந்து வருவது எதுவும் இனி இந்த நாட்டில் இருக்கக் கூடாது. இன்றே எல்லையைத் தாண்ட வேண்டும்."

தாண்டவனுக்கு வீடும் மனைவியும் சம்பாதித்த பெயரும் அந்த ஊரில்தான். ஆனாலும் செய்யாத குற்றத்துக்குக் காலில் விழும் பழக்கம் அவனிடம் இல்லை.

"எதுவும் என்றால் எதுவுமா, பிரபு?"

"எதுவும்தான்."

"உத்தரவு. நானே நின்று நிறைவேற்றுகிறேன்."

அரண்மனைச் சுக்கு முழுவதும் கழுதைமேல் ஏறியது. உரசும் கல் ஏறியது. திரைகள் ஏறின. வைத்தியர் மட்டும் திமிறினார்.

"அடப்பாவி, நான் என்னடா செய்தேன்?"

"வலிக்கும்போதெல்லாம் வருகிறீரே வைத்தியரே. ராஜ உத்தரவு, நடையைக் கட்டும்."

மறுநாள் காலையில் ராஜாவுக்கு மண்டை பிளந்தது. பற்றுக் கேட்டார்.

"சுக்கு நாடு கடத்தப்பட்டது, பிரபு" என்றான் பணியாள்.

"வைத்தியர்?"

"அவரும்தான்."

"திரையையாவது இழுத்துவிடு."

"அதுவும் போய்விட்டது, பிரபு."

"அடியேன் ஒரு வேடிக்கைக் கதை சொல்லட்டுமா?" என்று வில்லவராயர் ஆரம்பித்தார். பாதிக் கதையில் ராஜா பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், திரையை விரித்துத் தாண்டவன் பொரி தின்றுகொண்டிருந்தான். சுக்கு மூட்டைமேல் வைத்தியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பி வா" என்றார் ராஜா.

"உத்தரவை மீற மாட்டேன், பிரபு. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் இங்கே இருக்கிறேன். வலி எங்கே?"

ராஜா நெற்றியைத் தொட்டார். "இங்கேதான்."

"அப்படியானால் நான் வலியை அழைத்து வரவில்லை, வலிதான் என்னை அழைத்து வந்தது. மந்திரியார் வலித்த நாட்களை மட்டும் பொறுக்கினார். வலிக்காத நாளில் என்னை யார் கூப்பிட்டார்கள்?"

பல்லக்குக்குப் பின்னாலிருந்து வில்லவராயர் கேட்டார்: "பின்னே வலிக்கு என்னதான் காரணம்? சொல்லேன் பார்ப்போம்."

"தெரியாது, மந்திரியாரே. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூட நின்றவனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடன் அகப்பட்டான் என்று சொல்லத்தான் வெட்கம்."

ராஜா மூட்டைமேல் இருந்த வைத்தியரைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். வலிக்கிற தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உத்தரவை மாற்றிக்கொண்டேன். கல்லைத் தாண்டி வா. என்ன பரிசு வேண்டும்?"

"தலை வலிக்காத நாளிலும் என்னைக் கூப்பிட வேண்டும், பிரபு."

ராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டார். தாண்டவன் நிமிர்ந்து எல்லையைத் தாண்டினான்.

அடுத்த நாள் ராஜாவுக்கு வலியே இல்லை. தாண்டவன் சால்வையோடு சபையில் முதல் ஆளாக நின்றான். தலை வலித்தது வில்லவராயருக்குத்தான். அதற்குக் காரணம் யார் என்று சொல்ல அவர் வாயைத் திறக்கவே இல்லை.