பாறைக்கு முன்னால் ஒரு வரிசை

காட்டு ஏரியின் கரை உடைந்துவிட்டது. அதை அடைக்க யானையும் காட்டுப்பன்றியும் நீர்நாயும் வந்தன. மூன்றுமே வேலையில் கெட்டி. ஆனால் யானை கல் போடும் முன்பே பன்றி மண்ணைத் தள்ளியது. மண் கரைந்து போயிற்று. நீர்நாய் உள்ளே நாணல் செருகும்போது யானை கல்லை உருட்டியது. நீர்நாயின் வால் நசுங்கியது!

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவி இதையெல்லாம் பார்த்தது. கரைக்குக் கீழே பொட்டல் தரையில் அது நான்கு முட்டை இட்டிருந்தது. மழைக்கு இன்னும் ஐந்தாறு நாள்தான். கரை நிற்காவிட்டால் முட்டைகள் வெள்ளத்தோடு போகும்!

அது பறந்து வந்து கத்தியது. "நிறுத்துங்க! முதல்ல கல்லு. அப்புறம் இடுக்குல நாணல். கடைசியாத்தான் மண்ணு!"

"அட, மேலேருந்து பார்த்தா இவ்வளவு தெரியுதா!" என்றது யானை. "நீயே சொல்லு தங்கச்சி, நாங்க செய்றோம்!"

இரண்டே நாளில் கரை பாதி உயர்ந்தது!

ஆட்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. உயரமான பாறை ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "தினமும் காலையில எல்லாரும் இங்க வரணும். நேத்து என்ன செஞ்சீங்க, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லணும்!"

மறுநாள் மூன்றும் சொல்லி முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

"கல்லு தூக்குற நேரத்தைவிட அதைப் பத்திப் பேசுற நேரம் அதிகமாயிடுச்சே!" என்று முனகியது யானை.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமாண்ணே?" என்றது ஆட்காட்டி.

நான்காம் நாளே மழை பிடித்துக்கொண்டது! அன்றும் பாறைக்கு முன்னால் வரிசை நின்றது. நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அக்கா! அடியில..."

"வரிசையில நில்லு! பன்றியண்ணன் இன்னும் முடிக்கல."

"அதில்லக்கா, அடியில ஒரு..."

"உன் முறை வரட்டும்!"

புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாததால், பன்றி நேற்றுச் சொன்னதையே மறுபடியும் சொன்னது. யானை கொட்டாவி விட்டது.

ஒருவழியாக நீர்நாயின் முறை வந்தது. "அடியில ஓட்டைக்கா! காலையில என் மூக்கு அளவுதான் இருந்துச்சு. இப்போ தலையே நுழையும்! தண்ணி உங்க முட்டைப் பக்கந்தான் போகுது!"

ஆட்காட்டி திரும்பிப் பார்த்தது. பொட்டலில் நீர் நெளிந்து நெளிந்து வந்தது. முட்டைகளுக்கு இன்னும் ஒரு முழம்!

அது பாறையை விட்டு எழும்பியது. "யாரும் இங்க வராதீங்க! நானே வர்றேன்!"

கொட்டும் மழைக்குள் கரைமேல் வட்டமிட்டது. "யானையண்ணே, அந்தத் தட்டைக் கல்லு! இன்னும் வலது பக்கம்! தம்பி, நாணலோட உள்ளே போ! பன்றியண்ணே, பொறுங்க... பொறுங்க... இப்போ தள்ளுங்க!"

மண் பிடித்தது. நீர் நின்றது!

ஆட்காட்டி பொட்டலில் இறங்கியது. மூன்று முட்டைகள் இருந்தன. ஒன்று இல்லை.

மறுநாள் விடிந்ததும் அது நேராக நீர்நாயிடம் பறந்தது. "தம்பி, எங்கயாவது கசியுதா?"

பலர் கூடிச் செய்யும் வேலைக்கு முழுதும் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். ஆனால் அந்தக் கண்தான் வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டுமே தவிர, வேலை செய்கிறவர்களைத் தன் முன்னால் நிறுத்தி வைக்கக் கூடாது.